இலையில் என்ன வைப்பது

ஜூன் 11, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் தருகிற டைரி இது. இதுவரை ஒன்றில்கூட ஒரு வரி எழுதியதில்லை. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க அம்மா எடுத்துக்கொள்வாள். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஊரில் உள்ள அத்தனை பேரையும் அம்மாவிடம் திட்டித் தீர்ப்பது என் வழக்கம். ஹெட்மாஸ்டர், பஸ் கண்டக்டர், பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு, யாரையும் விட்டதில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "பாவம், அவ்வொளுக்கு என்ன கஷ்டமோ" என்று எதிர்க்கட்சிக்கு வாதாடுவாள். அதில் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். பிறகு நன்றாகத் தூங்கிவிடுவேன். போன சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் காப்பிக்கு எழுந்திருக்கவில்லை. இனிமேல் திட்டைக் கேட்க ஆள் கிடையாது. அதனால்தான் டைரி.

இன்று முழுக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "கொடுத்து வச்சவ. கெடையில கெடக்காமப் போயிட்டா." கொடுத்து வைத்தவள் அவள் என்றால் நான் யார்? கேட்கவில்லை. காப்பி கொடுத்தேன்.

துணி தேய்க்கிற இசக்கியம்மாள், "எனக்குப் பெத்த தாய் மாதிரில்லா இருந்தாவ" என்று அழுதாள். மீட்டர் கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டு மாடியில் குடியிருந்து எப்போதோ காலி செய்துவிட்டுப் போன தம்பதி கோவில்பட்டியிலிருந்து வந்தார்கள். அவர்கள் குழந்தைக்கு மஞ்சள்காமாலை வந்தபோது அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாளாம், தினமும் மாடிப்படி ஏறி. மூட்டுவலி என்று என்னிடம் மட்டும் சொன்னவள். இந்த ஊரில் அம்மா யாருக்கெல்லாம் அம்மாவாக இருந்தாள் என்று தெரியாமல் நான் ஒருத்தி பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

இன்றும் எல்லா வீட்டிலிருந்தும் இட்லிதான் வந்தது. பிரிட்ஜைத் திறந்தால் தூக்குவாளிகள் முட்டுகின்றன. எது யாருடையது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர்.

ஜூன் 13, வியாழன்

தென்காசியிலிருந்து பெரியம்மை வந்து இறங்கிவிட்டாள். அம்மாவின் அக்கா, பெயர் சங்கரவடிவு. எண்பதைத் தாண்டியும் கண், காது, நாக்கு மூன்றும் முழு வேலை செய்கின்றன. நாக்கு ஓவர்டைமும் பார்க்கும். காலை நீட்டி உட்காருவதற்குள் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. தாளிக்கக் கூடாது. பப்படம் பொரிக்கக் கூடாது. வருகிறவரை 'வாங்க' என்று சொல்லக் கூடாது. போகிறவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. கூரியர்காரரிடம் பழக்கதோஷத்தில் 'வாங்க' என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு அர்ச்சனை.

பிறகு பெரியம்மை விஷயத்துக்கு வந்தாள்.

"பதினாறாம் நாள் அன்னைக்கு இலைல என்ன வைக்கப் போற?"

"சமையல்காரர்ட்ட சொல்லியாச்சு பெரியம்மை. சாம்பார், ரெண்டு கறி, பாயசம்..."

"அது ஊருக்குட்டி. நான் படையல் இலையக் கேக்கேன். எந்தங்கச்சி ஆவுடைக்கு எது பிடிக்குமோ அத நீ உங்கையால ஆக்கி வைக்கணும். மக கையால. போற உசுரு ஆசைய வச்சுக்கிட்டுப் போகக்கூடாது பாத்துக்கோ."

"உனக்குத் தெரியுமே, நீ சொல்லேன்."

பெரியம்மை வெற்றிலையில் காம்பைக் கிள்ளினாள். "எனக்குத் தெரிஞ்சது அந்தக் காலத்துக் கதை. இருவது வருசமா கூடவே இருந்தவ நீதான. நீயே சொல்லு."

எளிய கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடியும் கழுவினேன்.

ஜூன் 14, வெள்ளி

சென்னையில் இருக்கிற அண்ணன் பிரமநாயகத்தையும், பெங்களூரில் இருக்கிற தங்கச்சி கல்யாணியையும் போனில் சேர்த்துப் பிடித்தேன். இரண்டு பேரும் சாம்பல் கரைத்த கையோடு போனவர்கள், பதினாறுக்குத்தான் வருவார்கள்.

"இதுல என்ன சந்தேகம்? உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும்" என்றான் அண்ணன். "எனக்கு இதான்டா உசுருன்னு அம்மாவே எங்கிட்ட சொல்லிருக்கா."

"சும்மா இரிண்ணே. பால் கொழுக்கட்டை" என்றாள் கல்யாணி. "நான் எப்ப வந்தாலும் செய்வா. 'நீ வந்தாதான் எனக்கும் இத திங்கக் கெடைக்கு'ம்பா."

நான் கூட்டாஞ்சோறு என்றேன். எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்துவிட்டு, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே நாக்குட்டி என்பாள்.

மூன்று பேரும் குரலை உயர்த்திக்கொண்டே போனோம். அண்ணன் என்னிடம், அம்மாவைக் கூட வைத்துக்கொண்ட தைரியத்தில் பேசாதே என்றான். நான், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவருக்கு எள்ளுத் துவையல்தான் ஞாபகம் இருக்கும் என்றேன். கல்யாணி அழ ஆரம்பித்தாள். அவள் எப்போதும் சரியான நேரத்தில் அழுவாள். அப்போது அண்ணன் போனுக்குப் பின்னால் இருந்து மதினியின் குரல் கேட்டது.

"நீங்க மூணு பேரும் உங்க உங்களுக்குப் பிடிச்சதத்தான் சொல்லுதீய."

மதினி அதிகம் பேசமாட்டாள். பேசினால் இப்படித்தான். அண்ணன் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டான்.

ஜூன் 15, சனி

நாள் முழுக்க யோசித்தேன். அம்மா எதை ஆசையாகச் சாப்பிட்டாள்? ஹோட்டலுக்குக் கூட்டிப் போனால் மெனு அட்டையைத் திருப்பி என் பக்கமே தள்ளுவாள். "நீ என்ன சொல்லுதியோ அதையே எனக்கும் சொல்லு." ஒரு தடவை அவளைச் சோதிப்பதற்காகவே சீஸ் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பல்லுக்கு வேலையில்ல" என்றாள். அமிலமோ காரமோ, எதில் முக்கினாலும் நிறம் மாறாத லிட்மஸ் காகிதம். அப்படி ஒன்று பள்ளியில் என் கெமிஸ்ட்ரி ஆய்வகத்தில் இருந்தால் தூக்கி எறிந்திருப்பேன்.

எரிச்சலாக இருக்கிறது. அன்பாக இருந்தாள், சரி. எல்லோருக்கும் செய்தாள், சரி. ஒரு மனுஷி இன்னது எனக்குப் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? என் மகள் தாரணி பிறந்தபோது என் வயிற்றுக்கு எது ஆகும், எது ஆகாது என்று கிராம்பு முதற்கொண்டு தெரிந்து வைத்திருந்தாள். பதிலுக்கு எனக்கு ஒன்றும் தெரியவிடவில்லை. ஒரே ஒரு இலை. அதைச் சரியாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேறு பெரிய ஆசை எதுவும் இப்போது எனக்கு இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

மூன்றாவது வீட்டுப் பூரணத்தக்கா வந்தாள். மகனுக்கு ஆவணியில் கல்யாணம். துக்க வீட்டுக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது, தப்பா நெனச்சுக்கிடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு இது வசதி. நான் எப்படியும் கல்யாணங்களுக்குப் போவதில்லை. கூட்டம் ஆகாது, மைக் செட் ஆகாது, சனி ஞாயிறுகளில் விடைத்தாள் வேறு இருக்கும். வேறு காரணம் ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுச் சார்பில் அம்மாதான் போவாள். கல்யாணத்துக்கு மட்டுமில்லை, மறுநாள் மறுவீட்டு விருந்துக்கும் இருந்துவிட்டுத்தான் வருவாள். சாப்பாடு எப்படி என்று கேட்டால், "ம், சுமார்தான்" என்பாள். இத்தனை வருஷத்தில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில்கூட நல்ல சாப்பாடு போடவில்லை போலிருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

பள்ளிக்குப் போனேன். ஸ்டாப் ரூமில் ஆளுக்கொரு ஆறுதல். தமிழாசிரியர் நிலையாமை பற்றிப் பேச ஆரம்பித்தார், மணி அடித்துக் காப்பாற்றியது. புதிதாக வந்த பிப்பெட்டுகளில் பாதி உடைந்து கிடக்கின்றன, ஹெட்மாஸ்டர் என்னைக் கேட்கிறார். வாங்கினவரைக் கேட்க வேண்டியதுதானே? வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "கேட்டியாம்மா இந்த அநியாயத்த" என்று ஆரம்பித்துவிட்டேன். உள்ளே பெரியம்மை, "என்னட்டி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

தாரணி வந்துவிட்டாள். கோயம்புத்தூரில் பல் டாக்டருக்குப் படிக்கிறாள். ஆச்சி போன அன்று வந்து, பரீட்சைக்காகத் திரும்பிப் போனவள். இளைத்திருக்கிறாள். அவளுக்குத் தானே தலைவாரிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்பு வரை ஆச்சிதான் பின்னினாள், அதற்குப் பிறகும் லீவில் வந்தால் ஆச்சி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். இன்று குளித்துவிட்டுச் சீப்போடு நடுக்கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வா என்றேன். இழுத்துப் பின்னிவிட்டேன். வலிக்குதும்மா என்றாள். ஆச்சிக்கு மட்டும் எப்படி வலிக்காமல் பின்ன வந்தது என்று கேட்டால், ஆச்சி சிக்கெடுக்கும்போது முடியை மேலே பிடித்துக்கொள்வாளாம். அதையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"ஆச்சிக்கு எதுட்டி ரொம்பப் பிடிக்கும், சாப்பாட்டுல?" என்று கேட்டேன்.

சீப்பில் இருந்த முடியைச் சுற்றி எடுத்தாள். "தெரியாதும்மா" என்றாள். முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது வகுப்பறையில் நான் படித்த பாடம். ஆனால் இவள் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஜூன் 19, புதன்

அலுத்துப்போய், அண்ணன் சொன்ன உளுந்தம்பருப்புச் சோற்றையே வைத்துவிடலாம், மூத்தவன் பேச்சு, பிரச்சினை முடிந்தது என்று காலையில் அறிவித்தேன். தாரணி காப்பி டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"ஆச்சிக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நெஞ்ச அடைக்கும்பா."

"பின்ன எது பிடிக்கும்?"

"சொன்னா நீ கோவப்படக் கூடாது."

"நான் எப்ப கோவப்பட்டேன்?"

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

அவள் பள்ளியில் படித்த காலத்தில், பிளஸ் டூவுக்கு நான் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பேன். ஆச்சியும் பேத்தியும் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கோயிலுக்கும் போவார்களாம், சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே. ஆனால் கும்பிட்டு முடித்ததும் பஸ் பிடித்து ஜங்ஷனுக்குப் போய், ஒரு சந்துக்குள் இருக்கிற மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். அங்கே சனிக்கிழமை மதியம் சொதி.

"சொதியா?" என்றேன்.

"ஆமா. சோத்த நடுவுல குழிச்சு ஊத்தச் சொல்லுவா. இஞ்சித் துவையல நுனி விரல்ல தொட்டுத் தொட்டுத் திம்பா. பேசவே மாட்டாம்மா. நான் ஏதாவது கேட்டாக்கூட, இருட்டிம்பா. தீர்ந்ததும் அந்த அண்ணாச்சியக் கூப்பிட்டு, 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்க'ம்பா. சில நாள் மூணு தடவ."

அம்மா கேட்டு வாங்கினாளா? இன்னும் கொஞ்சம் என்றாளா? நாற்பத்தொன்பது வயதாகிறது எனக்கு. அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதில்லை.

"வாசலுக்கு வந்து ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கை கழுவுவா, இஞ்சி வாசனை போகணும்னு. 'அம்மாட்ட சொல்லிராத'ம்பா. ஏன்னு கேட்டா, 'அவளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா'ம்பா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. குழம்பு சாப்பிட்டா நீ ஏன் வருத்தப்படணும்?"

எனக்கும் புரியவில்லை. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, நான் அவளை எதையும் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. என்னைப் பார்த்துப் பயந்து ஒளிந்து சாப்பிடுகிற அளவுக்கு நான் என்ன பூதமா? பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும்! வீட்டில் வைத்தால் நான் என்ன சொல்லிவிடுவேன்?

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. இருபது வருஷமாக இந்த வீட்டில் சொதி வைத்ததே இல்லை. திருநெல்வேலிச் சீமையில் ஒரு சைவ வீட்டில் இத்தனை வருஷம் சொதி வைக்கவில்லை என்றால் அது மறதியாக இருக்க முடியாது. கெமிஸ்ட்ரி டீச்சர் கவனிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

பள்ளியிலிருந்து வந்ததும் பெரியம்மையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மைக்குச் சொதிதான் பிடிக்கும்னு உனக்குத் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டே ஒரு வாரமா என்னைய அலைய விட்டிருக்க."

பெரியம்மைக்கு உடனே காது மந்தமானது. நான் விடவில்லை. கடைசியில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சத்தியம் வாங்கிருக்காட்டி எங்கிட்ட. செத்தவளுக்குக் குடுத்த சத்தியத்த எப்படி மீறுதது?"

"என்ன சத்தியம்?"

"நீ பிள்ளையும் பெட்டியுமா திரும்பி வந்தேல்லா, அந்த ஆடியில நான் இங்க வந்திருந்தேன். முருங்கக்கா நல்லாக் காச்சுக் கெடந்துது. சொதி வைப்போம்ட்டின்னேன். கையப் பிடிச்சுக்கிட்டா. 'வேண்டாம்க்கா. சொதின்னா மறுவீடு, மறுவீடுன்னா மாப்பிள்ளை. அந்தப் பேரே எம்பிள்ளை காதுல விழக்கூடாது. நீயும் சொல்லக் கூடாது'ன்னா. அன்னைலருந்து அவ இந்த வீட்டுல சொதிக்குத் தேங்கா உடைக்கல."

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்தில் சொதிதான் ராஜா. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். என்னுடைய மாப்பிள்ளைக்கும் வைத்தார்கள். அந்த மனிதர் இப்போது நாகர்கோவிலில் இன்னொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார்.

"அதுக்காகவா?" என்றேன். "ஒரு குழம்புப் பேருக்காகவா?"

"அம்மைல்லா" என்றாள் பெரியம்மை, விடைத்தாளில் டிக் போடுகிற மாதிரி.

ஜூன் 21, வெள்ளி

ஆத்திரம் அடங்கவில்லை. தலைவலி என்று லீவு போட்டுவிட்டேன்.

யார் கேட்டது இந்தத் தியாகத்தை? நான் கேட்டேனா? என்னிடம் ஒரு வார்த்தை, "செண்பகம், இன்னைக்குச் சொதி வைக்கட்டா?" என்று கேட்டிருந்தால் வை என்று சொல்லியிருப்பேன். எனக்குச் சொதி என்றால் சொதிதான். அதைக் கேட்டால் நொறுங்கிப்போவேன் என்று இவளாக முடிவு கட்டிக்கொண்டு, வாயைக் கட்டி, அக்காளிடம் சத்தியம் வாங்கி, பேத்தியைப் பொய் சொல்லப் பழக்கி, பஸ் ஏறிப் போய் யாரோ ஒரு அண்ணாச்சியிடம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்று கேட்டிருக்கிறாள். கல்யாண வீடுகளில் வயிறாரச் சாப்பிட்டு வந்து சுமார்தான் என்றிருக்கிறாள். எனக்கு வலிக்கவே இல்லை. வலிக்காத காலுக்குக் கட்டுப் போட்டவளை என்ன சொல்வது?

மதியம்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மறுவீட்டு விருந்தன்று அந்த மனிதர் நான்கு தடவை கேட்டு வாங்கினார். "அத்தை, இந்தச் சொதிக்காகவே மாசா மாசம் வந்திருவேன்" என்றார். அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படி அவள் பிறகு சிரித்ததில்லை.

வலித்திருக்கும். திரும்பி வந்த வருஷம் அந்த வாசனை வந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். அடுத்த வருஷமும் போயிருப்பேன். அதற்கப்புறம் ஏதோ ஒரு வருஷம் வலி நின்றிருக்கும். நின்றுவிட்டது என்று அவளுக்கு யார் சொல்வது? நான் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் கூட்டாஞ்சோறு தின்றுகொண்டிருந்தோம்.

ஜூன் 22, சனி

அண்ணன், மதினி, கல்யாணி எல்லோரும் வந்தாயிற்று. இலையில் சொதி வைக்கப்போகிறேன் என்று பெரியம்மையிடம் சொன்னதும் வீடு இரண்டானது.

"சாவு வீட்டுல சொதியா? கேட்டவன் காறித் துப்புவான். கல்யாணச் சாப்பாடுட்டி அது."

"அவளுக்குப் பிடிச்சத வைக்கணும்னு சொன்னது யாரு?"

"பிடிச்சதுன்னா? அதுலயும் பீன்ஸு, கேரட்டு, உருளக்கெழங்கு. படையலுக்கு இங்கிலீஷ் காய் ஆகாது. வெங்காயம் பூண்டும் ஆகாது."

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சொதியில் பாக்கி இருப்பது அடுப்பு மட்டும்தான் என்றேன். அண்ணன், எதற்கு வம்பு, எள்ளுத் துவையல் என்று ஆரம்பித்தான். மதினி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் ஒரு சமரசம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போடலாம், இஞ்சி போடலாம், மற்றது கிடையாது.

"இன்னொண்ணு. சொதின்னு சொல்லக் கூடாது" என்றாள் பெரியம்மை. "தேங்காப்பால் குழம்புன்னு சொல்லு. பேருலதான் தோசம்."

அடுத்த தொல்லை, எனக்குச் சொதி வைக்கத் தெரியாது. கற்றுக்கொள்கிற வயதில் படித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் இந்த வீட்டில் அது இல்லை. சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். கல்யாணி போனில் வீடியோ ஓடவிட்டாள். பெரியம்மை நாற்காலியில் இருந்து அதற்கு மறுப்புச் சொன்னாள். தாரணி ருசி பார்க்கிற நீதிபதி. பருப்பை மூன்றாம் பாலில் வேகவைத்து, இரண்டாம் பாலில் காய் போட்டு, முதல் பால் ஊற்றியதும் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். அடுப்பை அணைக்காமல் பிழிந்துவிட்டேன். பொட்டுப் பொட்டாகத் திரிந்துபோய் வந்தது. சூடும் அமிலமும் சேர்ந்தால் புரதம் திரியும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான்.

"ஆச்சி மெஸ்ல வெள்ளையா இருக்கும்" என்றாள் தாரணி. அந்த மெஸ்ஸுக்கு அவள் வைத்த பெயர் அது. ஆச்சி மெஸ்.

ஜூன் 23, ஞாயிறு

பந்தல், நாற்காலிகள், சொந்தக்காரர்கள். எல்லோரும் சாப்பாடு எப்போது என்று கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்குச் சமையல்காரர் ஆக்கினார். நான் பின்கட்டில் ஒற்றை அடுப்பில் இலைக்கு ஆக்கினேன். படையலுக்கு ஆக்குவதை ருசி பார்க்கக் கூடாது, மோந்தும் பார்க்கக் கூடாது என்று பெரியம்மை வாசற்படியில் காவல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பை அணைத்தேன், இறக்கினேன், ஆறவிட்டேன், பிறகுதான் பழம் பிழிந்தேன். திரியவில்லை. வெள்ளையாகவே இருந்தது. தாரணி எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அம்மா படத்துக்கு முன்னால் இலை விரித்தோம். அண்ணன் ஈர வேட்டியோடு உட்கார்ந்தான். நான் சோற்றை வைத்து, நடுவில் குழித்து ஊற்றினேன். பக்கத்தில் இஞ்சித் துவையல். கூடம் நிறைய ஆட்கள். திருச்செந்தூர் மாமா கழுத்தை நீட்டி, "அது என்னம்மா, வெள்ளையா?" என்றார்.

"தேங்காப்பால் குழ..." என்று பெரியம்மை ஆரம்பித்தாள்.

"சொதி" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. இந்த வீட்டில் அந்தச் சொல்லை ஊர் முன்னால் நான் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். கல்யாணி இந்த முறை அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொதிதான் மாமா. எங்கம்மைக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றேன்.

மாமா பெரியம்மையைப் பார்த்தார். ஊசி விழுந்தால் அடுத்த தெருவில் இருந்து சொல்கிற பெரியம்மை, காதில் விழாதவள் மாதிரி சூடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபிறகு, படைத்த இலையில் மகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றாள் பெரியம்மை. அதுவும் சட்டம்தான். உட்கார்ந்தேன். எதிரில் தாரணி சம்மணம் போட்டு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாய் எடுத்தேன். மெல்லாமல் அப்படியே நிறுத்தினேன்.

"என்னம்மா?"

உப்பு இல்லை. ருசி பார்க்காதே, ருசி பார்க்காதே என்று கழுத்தில் உட்கார்ந்து கத்தினதில் உப்பே போடவில்லை. பருப்பில் இல்லை, பாலில் இல்லை, துவையலிலும் இல்லை. ஒரு வாரம் சண்டை போட்டு, சத்தியத்தை உடைத்து, ஊர் முன்னால் பேர் சொல்லி வைத்த இலையில் உப்பு இல்லை.

தாரணி ஒரு விரல் தொட்டு நக்கினாள். முகம் சுளித்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் மாறிவிட்டது.

"ஆச்சி ஒண்ணும் சொல்லமாட்டாம்மா" என்றாள். "நல்லாருக்குட்டின்னு சொல்லி முழுசும் தின்னுருவா."

சொல்லமாட்டாள். அதுதானே என் வயிற்றெரிச்சல். எனக்குப் பொறுக்கவில்லை. படத்தைப் பார்த்து வாய்விட்டே கத்திவிட்டேன்.

"உப்பு இல்லன்னு சொல்லித் தொலையேம்மா. ஒரு தடவ சொல்லேன்."

பெரியம்மை உள்ளேயிருந்து வந்தாள், அண்ணன் வந்தான். பெரியம்மை மெதுவாகக் குனிந்து இலை ஓரத்தில் ஒரு கை கல்லுப்பை வைத்துவிட்டுப் போனாள். மூக்கு ஒழுகியது, துடைக்க இடதுகைதான் இருந்தது. உப்பைப் போட்டுப் பிசைந்தேன். தாரணிக்கு ஒரு உருண்டை கொடுத்தேன். மீதியை நான்தான் சாப்பிட்டேன், முழுசும். நன்றாகத்தான் இருந்தது.